ஆறடி டிஷ்

14

வயரை வெட்டி எட்டு நாள் ஆகியிருந்தது.

வெட்டியவன் பிரான்சிஸ். திண்டிவனத்தில் நான்கு தெருக்களுக்குக் கேபிள் டிவி கொடுப்பவன். வெட்டுப்பட்டது அவனுடைய சொந்தத் தங்கை ரோஜாவின் இணைப்பு. அண்ணன் குடும்பம் கீழ் வீட்டில், தங்கை குடும்பம் மாடி வீட்டில். வீடு இரண்டு பேருடையதும் இல்லை. கான்வென்ட் பள்ளியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து, மனை வாங்கி, செங்கல் செங்கலாகக் கட்டிய அவர்களுடைய அம்மா சவுரியம்மாளுடையது.

வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்லி பிரான்சிஸ் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "ரெண்டு பேரும் ஒத்துக்கினு வாங்க, அன்னிக்கு கைநாட்டு வெக்கறேன்" என்பதுதான் சவுரியம்மாளின் பதில். அதனால் அவன் தங்கையிடம் ஒரு சம்மதத் தாளை நீட்டினான். போன வியாழக்கிழமை ரோஜா அதை நான்காகக் கிழித்து மாடிப்படியில் போட்டாள். அன்று சாயங்காலமே மாடி வீட்டு டிவியில் படம் நின்றுவிட்டது.

அந்த டிவி ரோஜாவுக்குப் பெரிய விஷயம் இல்லை. அவள் கணவன் ரஞ்சித்துக்கு அதுதான் பொழுதே. கல் குவாரி வேலைக்குப் போய் வரும்போது டிப்பர் லாரி இடித்து இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டி, மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடந்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய் வருவான். மற்ற நேரமெல்லாம் கபடியும் செய்தியும் பழைய பாட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ரோஜா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் ரஞ்சித்.

"விழுப்புரம். டிஷ்ஷு வாங்கியாரப் போறேன்."

"ஏன், இங்க கடையே இல்லியா?"

"நாலு கடை ஏறி எறங்கிட்டேன். 'பிரான்சிஸ் அண்ணன் வூடா? மாட்டறதுக்கு ஆள் இல்லக்கா'ன்றான். நாலு பேரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பதிலு. ஊரையே கையில வெச்சிக்கினு இருக்கறாரு எங்கண்ணன்."

ரஞ்சித் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்காக வாங்கறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத."

"பின்ன யாருக்காம்?"

"செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறது எனக்குப் பழகிடுச்சி. நீ வாங்கறது உங்கண்ணன் மேல இருக்கற காண்டுக்கு. அதுக்கு என் இடுப்ப இழுக்காத."

சரியாகச் சொல்லிவிட்டான். அதனாலேயே ரோஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இட்லித் தட்டைக் கட்டிலருகே ஸ்டூலில் அவள் வைத்த வேகத்தில் சட்னி அவன் போர்வையில் தெறித்தது. துடைக்காமலே இறங்கிப் போனாள்.

கீழே குழாயடியில் பிரான்சிஸின் மனைவி ஆரோக்கியசெல்வி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை அவளுக்கு. தினமும் எட்டரை பஸ். வீட்டில் அவள் குரல் கேட்பதே அபூர்வம்.

"எங்க ரோஜா, காலையிலயே?"

"டிஷ்ஷு வாங்க. உன் புருஷன்கிட்ட சொல்லிடு அண்ணி. எங்க வூட்டு வயர வெட்டினாருல்ல, அந்த மாடியிலயே டிஷ்ஷு நிக்கப் போவுதுன்னு சொல்லு."

ஆரோக்கியசெல்வி குழாயை மூடினாள். "அத்தகிட்ட சொன்னியா?"

"எதுக்கு? டிவி பாக்கறதுக்குக் கூடவா அம்மாவ கேக்கணும்?"

"மாடி அவங்களுதாச்சே."

"அண்ணி, நீ உன் வேலையப் பாரு."

ஆரோக்கியசெல்வி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு எட்டரை பஸ்ஸில் அவள் ஏறவில்லை. முண்டியம்பாக்கம் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று ரோஜாவுக்கு நிம்மதியாக இருந்தது.

விழுப்புரத்தில் நேருஜி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை. கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஜெகபர் அலி இருபது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அவருக்கு முட்டி தேய்ந்த பிறகு கடையும் ஏணியும் மகள் சாஜிதாவின் கைக்கு வந்துவிட்டன. புருஷன் குவைத்தில். அவளுக்கு முப்பது வயசு இருக்கும். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி விரலில் சுழற்றிக்கொண்டே பேசினாள்.

"வூட்ல இன்னா பாப்பாங்கக்கா?"

"கபடி, நியூஸு, பாட்டு. எல்லாம் தமிழு."

சாஜிதா சுவரில் மாட்டியிருந்த சின்ன டிஷ்ஷைத் தட்டினாள். "இது கவுருமெண்டு இலவச டிஷ்ஷு. ஒரு தபா வாங்கினா சரி. ஆனா தமிழ் கொஞ்சந்தான், மிச்சமெல்லாம் இந்தி. இத வாங்கிக்கினு போயிட்டு நாலாம் நாளு என்னத் திட்டுவீங்க."

"அது?"

"அது கம்பெனி டிஷ்ஷு. மாசம் கட்டிக்கினே இருந்தா எல்லாம் வரும். கட்டலன்னா அவன் அங்கேர்ந்தே நிறுத்திடுவான்."

"வேணாம். சுவிட்சு இன்னொருத்தன் கையில இருக்கற எதுவும் எனக்கு வேணாம்."

சாஜிதா அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடையின் பின்பக்கம் அழைத்துப் போனாள். அங்கே சுவரோரம் பெரிய டிஷ்களின் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"அப்ப பெருசுதான். இதுல தமிழ் சேனலு நெறைய சும்மாவே வரும், யாரும் நிறுத்த முடியாது. உங்குளுக்கு நாலடி போதும். பின்பக்கமா ஒரு மூலையில வெச்சா வெளிய தெரியவே தெரியாது. தென்மேற்குல வானம் தெறந்திருக்கணும், அவ்ளோதான். மரம் கிரம் இருக்கா?"

"மரம் இல்ல. ஆறடி இருக்கா?"

"இருக்கு. ஆனா அது உங்குளுக்கு எதுக்கு?"

"அது தெருவுக்குத் தெரியுமா?"

"தெருவுக்கு இன்னா, ரயில்ல போறவனுக்கே தெரியும்."

"அதக் குடு."

சாஜிதா சிரிக்கவில்லை. "அக்கா, நான் விக்கறவ. பெருச வாங்கினா எனக்கு நல்லதுதான். இருந்தாலும் சொல்றேன். போன புயல்ல எத்தினி பெரிய டிஷ்ஷு காத்துல மடங்கிச்சின்னு எனக்குத் தெரியும். ஏறி ஏறிக் கழட்டினவளே நான்தான்."

"மடங்காத மாதிரி ஒண்ணு குடேன்."

"அப்ப வலை டிஷ்ஷு எடுத்துக்கோங்க. காத்து ஓட்டை வழியா பூந்து போயிடும். ஆனா அதோட இரும்புக் காலு நிக்கறதுக்குத் தளத்துல நாலு ஓட்டை போட்டு போல்ட்டு எறக்கணும். வாடகை வூட்ல அத செய்ய மாட்டேன். வூடு யாருது?"

"எங்கம்மாவுது."

"அவுங்க ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாங்க" என்றாள் ரோஜா. சொல்வதற்கு ஒரு நொடி கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, சாஜிதாவே ஓட்டினாள். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று, திண்டிவனம் வந்து சேரும்போது மணி இரண்டு. பிரான்சிஸின் பைக் வாசலில் இல்லை. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் ஒவ்வொரு துண்டாக மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள்.

மாடிப்படி முடியும் இடத்தில், சின்ன ஷெட்டுக்குள் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பிரான்சிஸின் கேபிள் பெட்டி. நான்கு தெருக்களுக்கும் படம் அதிலிருந்துதான் போகிறது. கறுப்பு வயர்கள் அதிலிருந்து கிளம்பிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கம்பம் கம்பமாகப் போய்க்கொண்டிருந்தன.

சாஜிதா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். "கேபிள்காரு வூடா இது?"

"எங்கண்ணன்."

"கேபிள்காரு வூட்டு மேலயே டிஷ்ஷு வெக்கறீங்களா?"

"ஆமா. ஜல்தியா வெய்யி."

ஓட்டை போடும் மிஷின் அலறியபோது ரோஜாவின் உள்ளங்கால் வழியாக அது உடம்பெல்லாம் ஏறியது. சாஜிதா சொன்ன இடம் பின்பக்க மூலை. ரோஜா காட்டிய இடம் தெருவைப் பார்த்த முன்பக்கம். அங்கேதான் கால் நின்றது. துண்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வட்டம் விரிந்தபோது, எதிர் வீட்டு சின்னபொண்ணு துணி காயப்போட வந்தவள், துணியை மறந்துவிட்டு வாயைப் பிளந்து நின்றாள்.

நாலே முக்காலுக்குப் படம் வந்தது.

"வந்துடுச்சா?" என்று ரோஜா படிக்கட்டில் நின்று கத்தினாள். பதிலுக்கு டிவியின் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கபடி வர்ணனை மாடி முழுக்கக் கேட்டது.

ரோஜா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்தாள். எட்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது.

"ரோஜா!" சின்னபொண்ணு எதிர் மாடியிலிருந்து கூப்பிட்டாள். "மாசாமாசம் ஒண்ணும் கட்ட வேணாமா அதுக்கு?"

"வேணாம்!"

"அப்ப எங்க வூட்டுக்கும் ஒண்ணு போடச் சொல்லேன் அந்தப் பொண்ண!"

அந்த நேரத்தில்தான் பிரான்சிஸ் தெருமுனையில் திரும்பினான்.

பைக்கை நிறுத்தினான். தலையைத் தூக்கிப் பார்த்தான். தோளில் வயர்ச் சுருள். நாற்பத்தேழு வயசில் இன்னும் தானே கம்பம் ஏறுகிறவன். ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. ஒரு காலத்தில் எழுநூறு வீடு. இப்போது நூற்றறுபது. ஒவ்வொரு மாசமும் யாராவது ஒருவர் டிஷ்ஷுக்கோ செல்போனுக்கோ மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் சின்னபொண்ணு உள்ளே போய்விட்டாள்.

அவன் மொட்டை மாடிக்கு வந்தபோது கத்தவில்லை. ரோஜா அதை எதிர்பார்க்கவில்லை.

"கீழ எறக்கு ரோஜா."

"எறக்க முடியாது."

"உன் கனெக்‌ஷன இப்பவே குடுக்கறேன். ரெண்டு நிமிஷம். நீ இத எறக்கு."

"எட்டு நாளு தெருவுல எம் மூஞ்சப் பாத்தா சிரிச்சிக்கினு போனியே, அப்ப எங்க போச்சி உன் ரெண்டு நிமிஷம்? இடுப்பு ஒடஞ்சி கெடக்கறவன் உனக்கு இன்னா பண்ணான்?"

"நான் வெட்டினது தப்பு. ஒத்துக்கறேன். போதுமா? ஆனா இது வேற." அவன் குரல் தடித்தது. "கேபிள்காரன் வூட்டு மாடியிலயே டிஷ்ஷு நின்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட கனெக்‌ஷன் வெச்சிக்குவான்? மிச்சம் இருக்கறதே நூத்தறுவது வூடு. உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான பண்ற?"

"தெரிஞ்சிதான் பண்றேன்."

கீழேயிருந்து கபடி சத்தம் மட்டும் வந்தது.

"படுத்துக்கினே தின்றவனுக்கு கபடி ஒரு கேடு" என்றான் பிரான்சிஸ்.

"இன்னா சொன்ன?"

"கேட்டுச்சில்ல உனக்கு."

சாஜிதா கருவிப் பையை மூடினாள். "அண்ணே, சண்டைய அப்பறம் வெச்சிக்கோங்க. நான் கெளம்பறேன்."

"நீ யாரு?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஊருக்குள்ள வந்து எம் மாடியில ஓட்ட போட யாரக் கேட்ட நீ?"

"உங்க அம்மா ஒத்துக்கினாங்கன்னு அக்கா சொன்னாங்க."

"அம்மாவா? எங்கம்மாவுக்கு இந்த சங்கதியே தெரியாது."

சாஜிதா ரோஜாவைப் பார்த்தாள். ரோஜா வேறு பக்கம் பார்த்தாள்.

"அக்கா, எம் மூஞ்சப் பாத்து பொய் சொன்னீங்களா? பொம்பள ஏணி ஏறினாலே நாலு பேரு நாலு பேசுவான். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். அதுக்குப் பொய்யா?" அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டாள். ஆனால் படிக்கட்டை மறித்துக்கொண்டு பிரான்சிஸ் நின்றான்.

அவன் பின்பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான்.

ரோஜா டிஷ்ஷின் முன்னால் போய் நின்றாள். "வெட்டு. எட்டு நாளு முன்ன வெட்டின கைதான. வெட்டு பாக்கலாம்."

அவன் அவளைத் தொடவில்லை. குனிந்து, அவள் காலுக்குப் பக்கத்தில் தரையோடு ஓடிய வயரைப் பிடித்து ஒரே அழுத்தில் வெட்டினான்.

கபடி நின்றது.

"டேய்!" கீழேயிருந்து ரஞ்சித்தின் குரல். மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல். "யார்ரா அவன்? பிரான்சிஸு! தெகிரியம் இருந்தா கீழ எறங்கி வாடா!"

ரோஜா அண்ணனைத் தாண்டி ஷெட்டுக்குள் போனாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவனுக்குப் புரிவதற்குள், சாம்பல் நிறப் பெட்டிக்குப் போகும் கரண்ட் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ப்ளக்கோடு சேர்ந்து சுவிட்சுப் பலகையும் பெயர்ந்து கையோடு வந்தது. பெட்டியின் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நான்கு தெருக்கள். சாயங்கால சீரியல் நேரம்.

முதலில் எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல். பிறகு அடுத்த வீடு. பிறகு தெருவே வெளியில் வந்துவிட்டது.

"கேபிள் போச்சி பிரான்சிஸு!"

"யோவ், கிளைமாக்ஸுல நிறுத்திட்டியேயா!"

"இதுக்குதான் டிஷ்ஷு போடலாம்னு சொல்றது!"

பிரான்சிஸ் தங்கையின் கையிலிருந்து வயரைப் பிடுங்கப் பாய்ந்தான். அவள் விடவில்லை. இருவரும் இழுத்ததில் அவன் முழங்கை சுவரில் மோதித் தோல் உரிந்தது. அவள் வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. இரண்டு பேர் கையிலும் ரத்தம். சாஜிதா நடுவில் புகுந்து இருவரையும் தள்ளினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? தெருவே பாக்குது!"

உண்மையில் அந்த நேரம் தெரு மாடியைப் பார்க்கவில்லை. வாசலில் வந்து நின்ற ஷேர் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவிலிருந்து முதலில் ஆரோக்கியசெல்வி இறங்கினாள். கையைக் கொடுத்து சவுரியம்மாளை இறக்கினாள். கிழவி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கட்டும் வெள்ளைப் புடவையில் இருந்தாள்.

பிரான்சிஸ் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தான். "செல்வி! நீ டூட்டிக்குப் போவல? அம்மாவ எங்க கூட்டிக்கினு போன?"

"கீழ எறங்கி வாங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி. "ரோஜாவையும் கூட்டியாங்க."

அவர்கள் இறங்கி வந்தார்கள். மாடி வீட்டு வாசலில் ரஞ்சித் வாக்கரைப் பிடித்தபடி, வியர்த்து வழிந்து, படிக்கட்டின் மேல்படியில் நின்றிருந்தான். அதற்கு மேல் இறங்க முடியவில்லை. பிரான்சிஸ் அவனைப் பார்க்காமல் கடந்து போனான்.

வாசல் படியில் சவுரியம்மாள் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. மகனின் முழங்கையைப் பார்த்தாள், மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை.

"வூட்ட எழுதிட்டேன்" என்றாள்.

தெருவில் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

ரோஜா அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "எழுதிட்டியா? நான் இல்லாதப்ப கூட்டிக்கினு போயி எழுதி வாங்கிட்டாங்களா உங்கிட்ட?" அண்ணன் பக்கம் திரும்பினாள். "பாவி! அதுக்குதான் காலையிலேர்ந்து வூட்ல இல்லியா நீ?"

"எனக்குத் தெரியாது ரோஜா. அம்மா மேல சத்தியமா தெரியாது." ஆனால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதை அவனால் மறைக்க முடியவில்லை. அம்மாவின் பக்கத்தில் குனிந்தான். "ரிஜிஸ்டர் ஆயிடுச்சாம்மா? என் பேருக்குத்தான?"

"உன் பேருக்கு இல்ல."

"அப்ப... இவ பேருக்கா?"

"இவ பேருக்கும் இல்ல." சவுரியம்மாள் மருமகளைக் கை காட்டினாள். "செல்வி பேருக்கு."

ஆரோக்கியசெல்வி பத்திரம் இருந்த மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உனக்கு இன்னா புத்தி கித்தி..." என்றான் பிரான்சிஸ்.

"புத்தி நல்லாத்தான் இருக்கு. நீ வயர வெட்டினப்ப என்னக் கேட்டியாடா? எம் பொண்ணு வூட்டு வயரு அது. கேக்கல. இவ எம் மாடி மேல டிஷ்ஷு நிறுத்த ஆளக் கூட்டியாந்தாளே, என்னக் கேட்டாளா? டிவி பாக்கறதுக்கு அம்மாவ கேக்கணுமான்னு கேட்டாளாம். நான் உயிரோட இருக்கறப்பவே ரெண்டு பேரும் என்னக் கேக்கல. நான் போனப்பறம் ரெண்டு பேரும் வெட்டிக்கினு சாவுவீங்க. அது எனக்குத் தெரியும்."

"அதுக்கு இவளுக்கா?" ரோஜா அலறினாள். "வெளியேர்ந்து வந்தவளுக்கா? காலையில நான் சொன்னத உடனே போயி ஓதிட்டியா அண்ணி? நல்லா காரியத்த முடிச்சிக்கினியே!"

ஆரோக்கியசெல்வி முதல் தடவையாக நிமிர்ந்து நாத்தனாரின் கண்ணைப் பார்த்தாள்.

"நீ சொல்லச் சொன்னத சொன்னேன். நான் எதையும் கேக்கல. அத்ததான், 'ஆட்டோவ கூப்புடு செல்வி'ன்னாங்க."

"பதினோரு வருஷம்" என்றாள் சவுரியம்மாள், யாரையும் பார்க்காமல். "எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறவ அவ. பீ மூத்திரம் அள்ளினவ அவ. நான் எழுதினது எனக்கு நல்லா இருக்கு. போங்க."

மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து கிழவி உள்ளே போனாள்.

பிரான்சிஸ் மனைவியை நெருங்கினான். குரலைத் தணித்தான். "சரி செல்வி. உன் பேருல இருந்தா இன்னா, என் பேருல இருந்தா இன்னா. ரெண்டும் ஒண்ணுதான். பத்திரத்தக் குடு, நான் உள்ள வெக்கறேன்."

அவள் பையைத் தரவில்லை. தலையைத் தூக்கி மொட்டை மாடியைப் பார்த்தாள். சாயங்கால வெயிலில் ஆறடி டிஷ் முழு வட்டமாக நின்றது. அதை ஒட்டி, கறுப்பு வயர்கள் நாலா பக்கமும் ஓடின.

"டிஷ்ஷு போட்ட பொண்ணு நீதான?" என்றாள் வண்டியருகே நின்றவளிடம். "நீ போட்டத நீயே கழட்டுவியாம்மா?"

"கழட்டலாங்க."

"நாளைக்குக் காலையில வா. அந்த டிஷ்ஷ எறக்கிடு."

பிரான்சிஸ் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வாயோரத்தில் ஒரு சிரிப்பு கூட வந்தது.

"அப்படியே அந்தக் கேபிள் பொட்டியையும் எறக்கிடு" என்றாள் ஆரோக்கியசெல்வி. "வயரு ஒண்ணு கூட என் வூட்டு மேல இருக்கக் கூடாது."

சிரிப்பு அப்படியே நின்றது. "செல்வி, இன்னா பேசற நீ? அது என் தொழிலு. நூத்தறுவது வூடு..."

"தெரியும்."

"எதுக்கு எறக்கணும்? காரணத்த சொல்லு!"

"நாளைக்கு சொல்றேன். தெருவுல நின்னு சொல்ற காரணம் இல்ல அது. சொல்றப்ப ரோஜாவும் இருக்கணும்."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

படிக்கட்டின் மேல்படியில் ரஞ்சித் இன்னும் நின்றுகொண்டிருந்தான். தெருவில் ஒருவர் கூட நகரவில்லை. சீரியல் பார்க்க முடியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரான்சிஸ் தங்கையிடம் மெதுவாகக் கேட்டான். "ரோஜா, இவ இன்னா சொல்லப் போறா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"உன் பொண்டாட்டி. நீயே கேளு."

அவன் கதவைத் தட்டினான். ஒரு முறை, பிறகு பலமாக. ஜன்னலில் விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை.

"செல்வி, கதவத் தெற. நானும் வெளியதான் இருக்கேன்."

"தெரியும்" என்று பதில் வந்தது உள்ளேயிருந்து.